ஏர் ஃபில்டரைக் கழுவியது யார்?

என் டர்ட் பைக்குக்கு ஒரு வருஷமாகப் பேய்தான் சர்வீஸ் செய்தது. கூலிகூடக் கேட்கவில்லை. சிரிக்காதீர்கள். என் தலையில் மிச்சமிருக்கும் நாலு முடிமேல் சத்தியம்!

ஓய்வுபெற்ற கையோடு, பழைய டர்ட் பைக் ஒன்றைத் தரகர் மூலம் வாங்கினேன். “எமனைக் காசு கொடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்க,” என்றாள் மனைவி. அவள் தம்பி மெக்கானிக். விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான்: “மாமா, மண்ணுல ஓட்டிட்டு வந்தா ஏர் ஃபில்டர் பஞ்சைக் கழட்டிக் கழுவியே ஆகணும். இல்லேன்னா தூசி உள்ளே போய் இன்ஜின் ஜாம் ஆயிடும். அந்த மலை இறக்கத்துல ஜாம் ஆச்சுன்னா, உங்களை அள்ளத்தான் வரணும்.”

தலையாட்டினேன். ஒரு தடவைகூடக் கழுவவில்லை. தினமும் மலையேறி இறங்குவேன். காதில் கீரை விதைக்கலாம், அவ்வளவு மண்ணோடு வருவேன். வண்டியைக் கொட்டகையில் தள்ளிவிட்டுக் குறட்டை.

காலையில் பார்த்தால் ஃபில்டர் பஞ்சு கொடியில் காயும். மச்சினன் வேலை என்று நினைத்தேன். நன்றி சொன்னால் மறுபடி பிரசங்கம் ஆரம்பிப்பான். வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் மதியம். கொட்டகைக்குள் சத்தம். சளக்... சளக்...

“யாரு, மச்சானா?”

நின்றது. பிறகு மறுபடி... சளக்...

கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. வாளிக்கு மேலே, அந்தரத்தில், பஞ்சு.

சுருங்கியது.

விரிந்தது.

சொட்டியது...

நான் ஓடிய ஓட்டத்துக்கு அந்த பைக்கே தோற்றிருக்கும்.

மச்சினன் வந்து, நான் சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “நான் உங்க வண்டியைத் தொட்டதே இல்லை. பேய் என்ன ஆயில் ஊத்துதுன்னு கேட்டீங்களா, மாமா?”

சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் குனிந்தான். சிரிப்பு நின்றது.

ஆயில் போல்ட் கழலாமலிருக்க மெல்லிய கம்பி கட்டியிருந்தது. பளபளக்கும் புதுக் கம்பி. வழக்கத்துக்கு மாறாக, இடப்பக்கமாக முறுக்கியிருந்தது.

“இப்படி முறுக்குறது எங்க பட்டறையில ஒருத்தர்தான்... இடது கைக்காரர்.”

“அவரையே கேட்டா போச்சு!”

அவன் என்னைப் பார்க்கவில்லை. “பெயின்ட்டை மாத்தியிருக்காங்க. இது அவர் வண்டி, மாமா. ஒரே ஒரு நாள் ஃபில்டரைக் கழுவாம மலைக்குப் போனார். இறக்கத்துல ஜாம் ஆச்சு... நாங்கதான் அள்ளினோம்.”

கம்பியைத் தொட்ட விரலைப் பார்த்தான். ஈரம்.

“ஒரு வருஷம்... கழுவாம... அதே இறக்கத்துல இறங்கியிருக்கீங்க. இன்னும் உசுரோட நிக்கிறீங்க.”

எழுந்து, வண்டியை விட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

“நீங்க பார்த்தது நிஜம்தான், மாமா.”