எட்ட நின்ற கயிறுகள்

குற்றாலத்தில் இரண்டு விடுதியும் தென்காசியில் அரிசி ஆலையும் மூன்றாம் வகுப்போடு நின்ற நான் கட்டியவை. ஆனாலும் நனைந்த கயிற்று வாசம் பட்டால், வெள்ளைக்காரன் காலத்துச் சிறுவனாகிவிடுகிறேன்.

சாரலில் எங்கள் எருமை குளத்துச் சேற்றில் புதைந்தது. அதன் பால்தான் எங்கள் சோறு. பேச்சு முறிந்திருந்த அப்பாவும் சித்தப்பாவும் கரையில் எட்ட எட்ட நின்று ஆளுக்கொரு கயிற்றை ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். எருமை அசையவில்லை.

“கிட்ட வந்து இழுங்க! நீங்க ஒருத்தரை ஒருத்தர்லா இழுக்கிய!” என்று கத்தினேன்.

“ஏலே, ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. எங்கன நின்னா என்ன?” என்றார் சித்தப்பா.

“கிட்ட நின்னாத்தான் ரெண்டு, சித்தப்பா!”

முறைத்தபடியே நெருங்கினார்கள். தோள் உரசியதும் எருமை கரையேறியது. மறுநாள் சித்தப்பா வீட்டுக்குப் பால் போனது.

இன்று இரு குடும்பமும் ஒன்றாக இருப்பது சாமி புண்ணியமாம். இருக்கட்டும், சாமிக்கு அடுத்து என் பேரையும் சொல்லுங்கள்.