மூக்கக்காவின் சிமிழ்

அருங்காட்சியகத்தின் பின்கட்டுப் பட்டறையில் அவளுக்கு மூக்கக்கா என்றுதான் பெயர். பழைய வாள் எது வந்தாலும், துருப்பிடிக்காமல் இருக்க எந்தக் காலத்திலோ எவரோ எதையோ அதன் மேல் பூசித் தொலைத்திருப்பார்கள். மெழுகா, அரக்கா, ஆளிவிதை எண்ணெயா என்று தெரியாமல் கைவைத்தால் வாள் போச்சு. மற்றவர்கள் பூதக்கண்ணாடியோடு முழித்துக்கொண்டிருக்கையில், அவள் சூடான ஊசியால் பூச்சைத் தொட்டு, எழும் புகையை ஓர் இழுப்பு இழுத்துச் சொல்லிவிடுவாள். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் இருந்தவள்தான்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்துப் படுக்கையில் தள்ளியது. எழுந்தபோது அவளுக்கு வாசனை என்பதே இல்லை. சோப்பும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். பட்டறையில் தெரிந்தால் மேசையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று நடுங்கிப்போனாள். வாயே திறக்கவில்லை. பூச்சில் துளி சுரண்டி, சிமிழில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். அடுப்பில் ஊசியைக் காய்ச்சி அதில் வைப்பாள். புருஷன் மோந்து பார்த்துச் சொல்வார். மறுநாள் பட்டறையில் அதையே, தானே மோந்தது போல மூக்கைச் சுருக்கிச் சொல்வாள்.

அப்படி ஒருநாள் வந்த ஒரு வாளுக்கு அவர், "அரக்குதான். பார்சலுக்கு சீல் வைக்கிற வாசனை," என்றார். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பஞ்சை நனைத்துத் துடைத்தாள். மேல்பூச்சு கரையாமல் தோல் மாதிரி சுருண்டது, அது எண்ணெய். வெடிப்பு வழியே ஸ்பிரிட் உள்ளே இறங்கிவிட்டது. அடியில், அரக்கு வைத்து ஒட்டிய தங்க எழுத்து இருந்திருக்கிறது. ஒரு வரி முழுவதும் பஞ்சோடு வந்துவிட்டது.

பஞ்சைப் பையில் ஒளித்துக்கொண்டு, அரைநாள் விடுப்பு சொல்லி வீட்டுக்கு ஓடிவந்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தார் புருஷன்.

"நல்லா மோந்து பாத்துதான் சொன்னீங்களா?"

"பின்ன? அரக்குதான்."

"எண்ணெய்ங்க அது. என் பொழப்பே போச்சு." பஞ்சை அவர் முன்னால் விரித்தாள். அதில் தங்கம் மினுங்கியது.

யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். எதிர்வீட்டுக்காரி, முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்றாள். "என்னக்கா, பால் தீயிற நாத்தம் தெருவையே தூக்குது. ரெண்டு பேரும் உள்ளதான் இருக்கீங்களா?"

அடுக்களையில் பாத்திரம் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குமா?"

"அதே காய்ச்சல்லதான்."

"ஏங்க சொல்லல?"

"அப்ப நீ அழுதுட்டே இருந்த. நானும் அழுதா யாரு தேத்துறது? சிமிழோட வந்து நின்னப்ப, தெரியலன்னு சொல்ல மனசு வரல."

அவளுக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அடிக்கவும் தோன்றியது. அப்புறம்தான் அது உறைத்தது.

"அப்ப இதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம்?"

"குத்துமதிப்பாதான்."

காய்ச்சலுக்குப் பிறகு தன் கைபட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் போன வாள்களை, ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவரத் தொடங்கினாள் மூக்கக்கா.