பந்தலுக்குப் போன முட்டுகள்

சூறாவளிக்குப் பிறகு எங்கள் ஊர்க் கடற்கரையோரம் வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து முடித்து, வீடமைப்பு அலுவலகத்தில் பெண் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். பள்ளிக்கூடங்களிலும் கிடுகுக் குடிசைகளிலும் ஒண்டிக் கிடந்த குடும்பங்களுக்கான சின்ன வீடுகள் அவை. ஓட்டுக் கூரைதான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அறைக்கு மட்டும் கூரையாகக் கொங்கிறீட் தட்டுப் போட்டோம், அடுத்த சூறாவளியில் குடும்பம் ஓடி ஒதுங்குவதற்காக. "காத்து அடிச்சா இந்த அறைக்குள்ள வந்திருங்க, இது விழாது" என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தது நான்தான்.

எதையும் பட்டியல் போட்டு மனதில் வைத்துக்கொள்வது என் பழக்கம். புதுக் கொங்கிறீட்டுக்கான பட்டியல் சின்னது: தண்ணீர் ஊற்று, மேலே ஏறாதே, கீழே தாங்கி நிற்கும் முட்டுக் கம்புகளை இருபத்தொரு நாளுக்குத் தொடாதே.

அந்த வீடுகளில் ஒன்று கணவனை இழந்த ஒரு தாய்க்குக் கிடைத்திருந்தது. அவருடைய மகளின் கலியாணம் சூறாவளியோடு நின்றுபோயிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துதான் குடியிருப்பார். வீடு பறந்தால் கலியாணமும் பறந்துவிடும். புதுச் சுவர் எழும்பியதைப் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் திரும்பி வந்து நாள் குறித்துவிட்டார்கள். சாவி கொடுக்குமுன் குடிபுகுந்தால் வீடு ரத்து என்பது அலுவலகத்தின் விதி. அதனால் எங்களிடம் மூச்சு விடாமல் கலியாணத்தை அங்கேயே வைத்தார்கள். அன்று காலை பக்கத்து வளவில் அத்திவாரம் அளந்துகொண்டிருந்த எனக்கு, ஒலிபெருக்கி கொரகொரத்த பிறகுதான் சங்கதி தெரிந்தது.

போய்ப் பார்த்தேன். முற்றத்தில் அழகான பந்தல், கால்களுக்கு வெள்ளைச் சேலை சுற்றியிருந்தார்கள். ஒரு காலில் சேலை நழுவியிருந்தது. உள்ளே தெரிந்த கம்பின் நுனியில் சீமெந்துப் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. எங்கள் முட்டுகள்! தட்டைத் தாங்கிய அடிப்பலகைகள் வாங்கில்களாகி, அவற்றில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

தட்டுக்கு மேலே: ஒலிபெருக்கி கட்டும் இரண்டு ஆண்கள். தட்டுக்குக் கீழே: மணப்பெண்ணும் அவளைச் சோடிக்கும் பெண்களும். தட்டின் வயது: ஒரு கிழமை, ஏழே நாள்.

அறை வாசலில் நின்று அண்ணாந்தேன். சுவரிலிருந்து சுவர் வரை மயிரளவு வெடிப்பு ஓடியிருந்தது. மேலே யாரோ நடந்தார்கள். பொடியாக ஏதோ மணப்பெண்ணின் முக்காட்டில் உதிர்ந்தது. அவள் அதைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

கத்தினால் எல்லாரும் ஒரே வாசலில் நெருக்குவார்கள், மேலே நிற்பவர்கள் குதிப்பார்கள். அடுப்படிக்குப் போய்த் தாயின் காதோடு சொன்னேன்.

"மாமி, அறைக்குள்ள இரிக்கிறவங்கள வெளிய கூப்பிடுங்க. முட்டெல்லாம் பந்தலுக்குப் போயிரிக்கி."

"ஒபிசுக்கு எழுதி ஊட்டப் பறிக்கப் போறாய். அதானே புள்ள?"

"எழுத மாட்டன். தட்டு விழுந்திரும் மாமி."

"கலியாண ஊட்டுக்க நிண்டு கதைக்கிற கதையா இது? விழாதெண்டு நீதானே சொன்னாய்!"

சோற்றுப் பானையைக் கிண்டிய பெண் திரும்பாமலே சொன்னாள்: "இவக்கு இன்னும் ஒரு மாப்புளயும் அமையல்ல. அந்த வயித்தெரிச்சல் கா."

"காஞ்சாத்தான் மாமி விழாது. இன்னும் காயல்ல."

தாய் என் முகத்தைப் பார்த்தார். என் தாடை நடுங்குவதை என்னால் அடக்க முடியவில்லை. அவர் அகப்பையைப் போட்டுவிட்டு உரத்துக் கூப்பிட்டார்: "அடியே புள்ளயள், மாப்புள வந்திட்டாரு! வாசலுக்கு வாங்க கா!"

பெண்கள் எல்லாரும் பாய்ந்து வெளியே வந்தார்கள். மணப்பெண் மட்டும் எழும்பவில்லை. மாப்பிள்ளை வந்தால் அவள் உள்ளேதான் இருக்கவேண்டும். இதை நானும் யோசிக்கவில்லை, பெற்ற தாயும் யோசிக்கவில்லை.

நான் உள்ளே போனேன். அந்த அறை அத்தனை அகலம் என்று வரைபடத்தில் எனக்குத் தெரியவே இல்லை.

"எழும்பு தங்கச்சி. வெளிய வா."

"மாப்புள வந்திட்டாரே, நான் எப்பிடி வெளிய வாற?"

"மாப்புள வரல்ல. உம்மா பொய் சொன்னா. வா!"

தலைக்கு மேலே எதுவோ இழுபடும் சத்தம் கேட்டது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். அதன்பிறகே மேலே நின்றவர்களை ஏணி வழியாக ஒவ்வொருவராக இறக்கினோம். பந்தற்கால்களைப் பிடுங்கி மறுபடியும் தட்டுக்கு முட்டுக் கொடுத்தோம். வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டார், தொங்கிய பந்தல் துணியின் கீழே தலை குனிந்துதான் உட்கார வேண்டியிருந்தது. மணமக்களைப் பக்கத்துக் குடிசையில் தங்கவைத்தார்கள்.

அலுவலகத்துக்கு நான் எழுதவில்லை. தினமும் போய் வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டேன். அது நீளவில்லை. அப்படியும் மழை பெய்த இரவுகளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

முறைப்படி முட்டுகளை எடுக்கும் நாளில் தாயும் மகளும் முற்றத்திலேயே நின்றுவிட்டார்கள்.

"நீ உள்ள நில்லு புள்ள" என்றார் தாய். "நீ நிண்டாத்தான் எங்கட புள்ள அதுக்குள்ள படுப்பாள்."

மறுக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை. கணக்கு சரியாக இருந்தது, தட்டு காய்ந்திருந்தது, முட்டெடுக்க வந்த மேசன் அனுபவசாலி. வெடிப்புக்கு நேர் கீழே போய் நின்றேன். மேசன் முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தார். கடைசி முட்டு தரையில் விழுந்த சத்தத்தில் என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"காஞ்சிட்டா?" என்று வாசலிலிருந்து தாயின் குரல் கேட்டது.

"ஓம் மாமி" என்றேன். கண்களை இன்னும் திறக்கவில்லை.

அவர் மகளை உள்ளே கூப்பிட்டார்.