கட்டைவிரல் தவறவிட்ட தாளம்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு ஆராதனைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தம்பியின் வணக்கம்.

அக்கா சுங்குவார்சத்திரத்தை அடுத்த எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமாகிவிட்டதால், டிப்ளமோ முடித்த கையோடு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். இயந்திரம் அழுத்தித் தரும் தகடுகளை, கேஜ் என்னும் அளவுக்கருவி வைத்துச் சரிபார்ப்பது அவர் வேலை. என்னைப் படிக்கவைத்ததும் வீட்டை நடத்தியதும் அந்தச் சம்பளம்தான். திருமணப் பேச்சு எடுத்தபோதெல்லாம், தம்பி ஒரு வேலையில் உட்காரட்டும் என்று தள்ளிவைத்தார்.

சபைப் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவர், கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒருநாள் போனில் ஹவாய்த் தீவுகளின் இசையைக் கேட்டார். அங்கே கிட்டார்க் கம்பிகளை வழக்கத்தைவிடத் தளர்த்தி வைக்கிறார்கள். எதையும் அழுத்தாமல் மீட்டினாலே சுரங்கள் இணைந்து ஒலிக்கும். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் விடாமல் தாளம் போட, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டை எடுக்கும்.

அந்த இசையை, உள்ளே ஒலியைப் பெருக்கும் அலுமினியக் கூம்பு பதித்த ரெசனேட்டர் கிட்டாரில் வாசிக்க ஆசைப்பட்டார். கடையில் வாங்கியதன் ஒலி காதைக் குத்தியது. அதனால் பழைய மரக் கிட்டாரின் மேற்பலகையை வட்டமாக அறுத்து, படப்பையில் பாத்திர மூடி செய்யும் பட்டறையில் தன் அளவுக்குக் கூம்பு செய்து வாங்கிப் பொருத்தினார். தடிமன் மாற்றி மாற்றிப் பார்த்தார். உள்ளே பருத்தித் துணி வைத்து அதிர்வை அடக்கினார். கடைசியில் அவர் தேடிய ஒலி வந்தது. விடுமுறை மதியங்களில் எங்கள் தெருவே அதைக் கேட்டது.

அப்படி ஒரு மதியம் தாளம் தவறியது. அக்கா நிறுத்திவிட்டு, கூம்பு சரியாக உட்காரவில்லை என்றார். கழற்றி மாட்டினார். அடுத்த வாரமும் தவறியது. கூம்பை மாற்றினார், கம்பிகளை மாற்றினார், கட்டைவிரலில் மாட்டும் மீட்டியையும் மாற்றினார். தாளம் மேலும் மேலும் விட்டுப்போனது. பட்டறைக்காரர் கூம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இதில் ஒரு கோளாறும் இல்லையம்மா என்று திருப்பிக் கொடுத்தார். அன்று பஸ்ஸில் வரும்போது அக்கா தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கம்பெனியில் அக்காவோடு அதே லைனில் வேலை பார்த்த செல்வி, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தவர். ஒருநாள் அம்மாவிடம் வந்து நின்றார். “யக்காவுக்குக் கையில பெலமே இல்லம்மா. கேஜ் நழுவிருது. கொஞ்ச நாளா நாந்தான் புடிச்சிக் குடுக்கேன். சொல்லக்கூடாதுன்னாவ.”

சென்னையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துவருகின்றன, அதை நிறுத்த மருந்தில்லை என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று கேட்டார். இல்லை என்று நான் சொன்னேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயிலில் திரும்பி, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இறங்கியதும் அம்மா நடைமேடை பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். “எங்க பெரியண்ணனுக்கும் இப்டிதான் ஆரம்பிச்சிது. மொதல்ல கை. அப்பறம் கால். அப்பறம் பேச்சே போச்சு. வெளிய தெரிஞ்சா பொண்ணு எடுக்க மாட்டாங்க, குடுக்க மாட்டாங்கன்னு, குடிச்சி செத்தான்னு சொல்லிக்கினோம்.”

பெரிய மாமா குடிகாரர் என்றே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அக்கா அழவில்லை. “மாமா எத்தினி நாள் இருந்தாரு?” என்று மட்டும் கேட்டார். அம்மா அக்காவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வேலையை விட்டபின் அக்கா கிட்டாரை மறுபடி பிரித்தார். கம்பிகளை உயர்த்தி, மடியில் கிடத்தி, இடது கையால் எஃகு உருளையைக் கம்பிகள்மேல் நகர்த்தி வாசிக்கும்படி மாற்றினார். வலது கை முழுதாக ஓய்ந்ததும் செல்வி பக்கத்தில் உட்கார்ந்தார். “எந்தக் கம்பின்னு மட்டும் சொல்லுங்க யக்கா, நான் மீட்டுதேன்.” ஷிப்ட் முடிந்து வந்த களைப்போடு செல்வி பழகினார். அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் இருவரும் ஒரே கிட்டாரை வாசித்ததை உங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அப்போதே இடது கையிலும் நடுக்கம் தொடங்கியிருந்தது அக்கா, அம்மா, நான் என எங்கள் மூவருக்கும்தான் தெரியும்.

அதன்பின் அம்மா மாமாவைப் பற்றிச் சொன்ன எல்லாமே வரிசை மாறாமல் வந்தன. அடுத்து என்ன போகும் என்று தெரிந்துகொண்டே பக்கத்தில் இருந்தோம். பேச்சு குழறத் தொடங்கிய நாளில் அக்கா என்னைக் கூப்பிட்டார். “என் பேர்ல மலர் போடுவ இல்ல, அதுல மாமா கதைய எழுது. குடின்னு எழுதாத. நம்ம பசங்களுக்குத் தெரியணும்டா.” அதுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்த அவருடைய கடைசிப் பேச்சு. பின்பு ஒரு காலைநேரம், மூச்சு மெல்ல மெல்லத் தளர்ந்து, அம்மாவின் மடியில் அடங்கினார்.

அவர் சொன்னபடி எழுதுகிறேன். பெரிய மாமா குடித்துச் சாகவில்லை. அவரைக் கொன்றதும் இதே நோய்தான் என்று டாக்டர் கருதுகிறார். சில குடும்பங்களில் இது தொடரும். எல்லோருக்கும் வரும் என்பதில்லை. ஆனால் கை வலுவிழந்தால் யாரும் மறைக்காதீர்கள், நரம்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாட்டுக்குத் தன் கையைத் தந்த செல்விக்கும், கடைசிவரை கூம்பு செய்துகொடுத்த பட்டறைக்காரருக்கும், முறைவைத்து வந்து அக்காவைத் தூக்கி உட்காரவைத்த சபைப் பெண்களுக்கும், கம்பெனி பஸ் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எனக்குப் பேசியிருக்கும் பெண் வீட்டாரிடம் அனைத்தையும் சொல்லிவிட்டோம். கேட்டபிறகும் அவர்கள் ஆராதனைக்கு வருகிறார்கள், அவர்களுக்கும் நன்றி. இந்த நோய் எனக்கும் தொடருமா என்று அறியும் பரிசோதனைக்கு நான் இரத்தம் கொடுத்திருக்கிறேன். இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை முடிவு வரவில்லை. எது வந்தாலும் உங்களிடம் சொல்வேன்.