கையெழுத்து இல்லாத பதினெட்டு மாதங்கள்

என் கணவரின் இருதய வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை என்று கொழும்பில் கண்டுபிடித்தபோது வன்னிக்கான பாதை திறந்திருந்தது. சமாதான காலம். கிளிநொச்சிப் பக்கம் எங்கள் ஊரான முரசுமோட்டையிலிருந்து விடிய வெளிக்கிட்டால், ஓமந்தையில் இறங்கி இராணுவச் சோதனை முடித்து, பின்னேரம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அவர் வயல் செய்கிறவர். நான் அரசாங்கப் பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். ஆசிரியருக்கும் குடும்பத்துக்கும் என்று ஒரு மருத்துவக் காப்புறுதி இருந்தது, சம்பளத்திலேயே கழித்துக்கொள்வார்கள். முதல் இரண்டு தடவையும் ரசீதையும் டொக்டர் கையெழுத்து வைத்த மருந்துச் சீட்டையும் அனுப்பினேன். ஒரு கேள்வியும் இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் அறையில் அந்தக் காப்புறுதியை நான் புகழ்ந்து பேசியதுகூட உண்டு. மற்றவர்களையும் சேரச் சொன்னேன்.

கொழும்பில் அவரைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்தவர். ஆறுதலாகக் கதைக்கிற மனிதர். மூன்றாவது முறை போனபோது, பஸ் பயணத்தின் களைப்பில் என் கணவர் கதிரையில் நிமிர்ந்து இருக்க முடியாமல் சரிந்தார். அதைப் பார்த்துவிட்டு டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இனி இவரை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வராதேங்கோ டீச்சர். கிழமைக்கு ஒருக்கா எனக்குப் போன் எடுங்கோ. நான் கேக்கிறதை மட்டும் பாத்துச் சொன்னால் போதும்."

என்னென்ன பார்க்க வேண்டும் என்று அங்கேயே எனக்குக் காட்டித் தந்தார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் பெருவிரலால் அழுத்த வேண்டும், பள்ளம் எத்தனை எண்ணும்வரை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். படுக்கும்போது எத்தனை தலையணை தேவைப்படுகிறது என்று கேட்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று அவருக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடும் என்றார். முக்கியமாக நிறை. நிறை ஏறினால் உடம்பில் தண்ணீர் சேருகிறது என்று அர்த்தம்.

சில மாதங்களில் சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு ஓமந்தைப் பக்கம் அளவாகத் திறந்தாலும், இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்தாரின் அனுமதியும் இல்லாமல் ஒருவரும் போக முடியாது. அந்தத் தொலைபேசி மட்டும்தான் எங்களுக்கு மிஞ்சியது.

ஆள் நிறுக்கிற தராசு எங்கள் பக்கத்தில் யாரிடமும் இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவரைச் சைக்கிளில் ஏற்றி உருட்டிக்கொண்டு அரிசி ஆலைக்குப் போவேன். நெல் மூட்டை வைக்கிற தராசில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பார். நிற்கிற ஆட்கள் பகிடி விடுவார்கள். அவரும் முதலில் சிரித்தார். பிறகு பிறகு, தராசில் ஏறியதும் கண்ணை மூடிக்கொள்ளத் தொடங்கினார்.

அங்கிருந்து அவரை வீட்டில் விட்டுவிட்டு, கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடைக்குப் போவேன். வெளிநாட்டுப் பிள்ளைகளின் அழைப்புக்குக் காத்திருக்கிறவர்களுடன் வரிசையில் நிற்க வேண்டும். பலகையால் தடுத்த சின்ன அறை, கதவில்லை. லைன் தெளிவில்லாததால் கத்தித்தான் சொல்ல வேண்டும். என் கணவர் எத்தனை தரம் சலம் போனார், கால் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதையெல்லாம் அந்த வரிசை முழுக்கக் கேட்டது. கொஞ்ச நாளில் வரிசையில் நிற்கிறவர்களே, இந்தக் கிழமை எத்தனை தலையணை டீச்சர் என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

டொக்டர் கேட்பார், நான் சொல்வேன். தண்ணீர் இறங்கும் குளிசையை அரையால் கூட்டுங்கோ, இதைக் காலையில் மட்டும் கொடுங்கோ, உப்பைக் குறையுங்கோ என்று சொல்வார். எல்லாவற்றையும் ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதினேன். குளிசைகளைப் பெரியாஸ்பத்திரிப் பாமசியில் கெஞ்சித்தான் எடுத்தேன். சில கிழமை லைன் கிடைக்காது. அந்தக் கிழமைகளில் போன முறை சொன்னதை வைத்து நானே முடிவெடுத்தேன். ஒருமுறை நான் செய்தது பிழை. அவர் தலை சுற்றிக் கிணற்றடியில் விழுந்தார். மறு கிழமை அதைச் சொன்னபோது டொக்டர் ஏசவில்லை. "நீங்கள் இல்லாட்டி நான் குருடன், டீச்சர்," என்றார். அந்தச் சொல்லை நான் கனநாள் மனசுக்குள் வைத்திருந்தேன்.

இப்படிப் பதினெட்டு மாதம். ஒரு போகம் அவரே வரம்பில் நின்று அறுவடை பார்த்தார்.

பிறகு ஒரு நாள் காலை, குசினி வாசலில் குந்தியிருந்தவர் எழும்பவில்லை. உதடு கறுத்திருந்தது. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் அனுப்பினார்கள். அனுமதி எடுப்பதற்காக, நாங்கள் திரும்பி வருவோம் என்று இயக்கத்திடம் என் தம்பி பொறுப்பு நின்றான். கொழும்பில், வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் பட்டியல் நீளம். தனியார் ஆஸ்பத்திரியில் உடனே செய்யலாம், காப்புறுதி ஒப்புக்கொண்டால்.

காப்புறுதி அலுவலகத்தில் தமிழ் பேசும் ஒரு இளம் பெண் அதிகாரி இருந்தா. மரியாதையாகவே நடத்தினா. கோப்பைப் புரட்டிவிட்டு, கடைசி மருந்துச் சீட்டுக்குப் பிறகு ஒன்றுமே இல்லையே என்று கேட்டா. நான் கொப்பியைக் கொடுத்தேன். அவா பக்கம் பக்கமாகப் பார்த்தா. அவசரப்படவில்லை.

"இதை ஆர் எழுதினது?"

"நான்தான்."

"டொக்டரின்ரை கையெழுத்து ஒரு இடத்திலயும் இல்லையே, டீச்சர்."

அவர் கொழும்பில், நாங்கள் கிளிநொச்சியில், பிறகு எப்படிக் கையெழுத்து இருக்கும் என்று கேட்டேன். எங்கள் விதியில் சிகிச்சை என்றால் டொக்டர் நோயாளியை நேரில் பார்க்க வேண்டும், தொலைபேசியில் சொன்னதற்கு இடமில்லை என்று அவா விளக்கினா. இப்போதைய நிலையில், நோயாளி ஒன்றரை வருடம் சிகிச்சையை விட்டுவிட்டார், அதனால்தான் வருத்தம் முற்றியது என்றே மேலிடம் எடுத்துக்கொள்ளும் என்றா. டொக்டர் ஒரு கடிதம் தந்தால் தான் முயன்று பார்ப்பதாகவும் சொன்னா.

அன்று பின்னேரமே டொக்டரைப் பார்க்க முறை இலக்கம் எடுத்தேன். உள்ளே போனதும் அவர் என்னை யார் என்பதுபோல் பார்த்தார். நான் வாய் திறந்த பிறகுதான் முகம் மலர்ந்தது. என் குரல்தான் அவருக்குத் தெரிந்திருந்தது. கணவரைப் பற்றி விசாரித்தார். ஆஸ்பத்திரி அறிக்கைகளை வாசித்துவிட்டு, முகம் வாடிப்போனார். கடிதம் என்றதும் பேனையை மூடி வைத்தார்.

"நான் ஆளைப் பாக்காமல் மருந்து கூட்டிக் குறைச்சனான் எண்டு எழுதித் தந்தால், நாளைக்கு என்னைக் கூப்பிட்டு விசாரிப்பினம் டீச்சர். அதைச் செய்யலாம் எண்டு ஒரு சட்டமும் இல்லை. நான் உங்களுக்குச் சொன்னது ஒரு உதவியா."

"உதவி எண்டு எழுதித் தாங்கோவன், டொக்டர்."

அவர் ஆஸ்பத்திரி அறிக்கைகளை மடித்து என்னிடம் தந்தார். பிறகு மெல்ல, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டிருந்தால் வால்வு மோசமாகிறது தனக்கு முதலே தெரிந்திருக்கும், நான் சொன்ன இலக்கங்களில் அது தெரியவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை அந்த அறையில், அந்த நேரத்தில் ஏன் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அன்றைக்குப் பார்த்ததற்குக் காசு வேண்டாம் என்றார். நான் கொடுத்துவிட்டு, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

காப்புறுதியின் மறுப்புக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. நாங்கள் தங்கியிருந்த லொட்ஜில் பக்கத்து அறையில் இருந்த ஒருவர் வாசித்து விளங்கப்படுத்தினார். நோயாளியும் குடும்பத்தவரும் நீண்ட காலம் சிகிச்சையைப் புறக்கணித்திருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. என் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்து கேட்டுக்கொண்டிருந்தார். மற்ற மனிதர் போனபிறகு, "உம்மைப் போய் இப்பிடி எழுதியிருக்கிறாங்கள்," என்றார். தன்னைப் பற்றி எழுதியதை அவர் பேசவே இல்லை.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவருடைய முறை வருவதற்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவர் போய்விட்டார். உடலை வன்னிக்குக் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை. கொழும்பிலேயே எரித்தோம். நாங்கள் நாலு பேர்தான் நின்றோம்.

அதற்குப் பிறகு சண்டை கூடியதால் என்னால் ஊருக்குத் திரும்ப முடியவில்லை. வவுனியாவில் ஒரு பாடசாலையில் இணைத்தார்கள். போர் முடிந்த வருடம், அகதி முகாமிலிருந்து கொண்டுவந்த நோயாளிகளால் வவுனியா ஆஸ்பத்திரி நிரம்பியிருந்தபோது, தெரிந்தவர்கள் யாரும் வந்திருக்கிறார்களா என்று பார்க்க அடிக்கடி போவேன். ஒரு நாள், நிலத்தில் பாய் போட்டுப் படுத்திருந்த தாயின் தலைமாட்டில் ஒரு பெண் இருந்தாள். கொழும்பில் ஒரு டொக்டரின் இலக்கத்தைத் துண்டுக் கடதாசியில் வைத்துக்கொண்டு, என் கைத்தொலைபேசியை ஒருக்கால் தரமுடியுமா என்று கேட்டாள். இலக்கத்தை அழுத்திக் கொடுத்தேன். மறுபக்கம் மணி அடிக்கத் தொடங்கியதும் என் வாய் தன்பாட்டில் பேசியது.

"சொல்லுறதை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தருவாரோ எண்டு முதல்ல கேளும்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கையெழுத்தை வைச்சு நான் என்ன செய்யிறது அக்கா? அம்மாவுக்கு மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு."

அதற்குள் டொக்டர் பேசத் தொடங்கிவிட்டார். அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தாயின் காலைப் பார்த்துப் பார்த்து மறுமொழி சொன்னாள். நான் சுவரோடு ஒதுங்கி நின்றேன். அவளிடம் அப்படிக் கேட்டதற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கேட்டது பிழை என்று என்னால் இப்போதும் சொல்ல முடியவில்லை.