சட்டை இல்லாமல் பிடுங்கிய பார்த்தீனியம்

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் நிலத்தில் பார்த்தீனியம் நுழைந்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். கேரட் இலை மாதிரி இலை, கல் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் பூ. அழகாக இருக்கிறதென்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அதைப் பறித்துச் சர்ச்சுக்குப் பூங்கொத்து கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பால் கசக்கிறது என்று ராபர்ட்சன்பேட்டை டீக்கடைக்காரர் என் பால் கேனைத் திருப்பி அனுப்பிய அன்றே, மாடுகள் அதை மேய்கின்றன என்று எனக்குப் புரிந்துவிட்டது. சுரங்கம் மூடிய பிறகு யார் தயவும் இல்லாமல் நான் நிமிர்ந்தது மாடுகளால்தான். இப்போது இருப்பவை இரண்டு. புல் போனால் அவையும் போகும்.

வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். விதை முற்றியபின் இழுத்தால் நாமே விதைத்ததாக ஆகும். மழை விட்ட ஈர மண்ணில், பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். எந்த அதிகாரியும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

பிடுங்க ஷிஃப்ட் போட்டு இறங்கினோம், நானும் சுரங்கத்தில் என்னோடு டிரில் பிடித்த பழைய கூட்டாளியும். அவர் முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக வந்தார்.

"இன்னாப்பா, கல்யாணத்துக்கா வந்துகீறே?"

"அரிக்குதுண்ணே. நீயும் ஒண்ணு போட்டுக்கோ."

"கீழ் லெவல் அனல்ல எவன்யா சட்டை போட்டான்? பாறையே இந்த நெஞ்சுல பட்டுத் தூளாச்சு. செடி இன்னா பண்ணும்?"

"பாறை பூ பூக்காதுண்ணே."

ஆழத்தில் நாங்கள் வெற்று உடம்போடுதான் வேலை செய்தோம். சட்டையோடு நின்றவனைப் புது ஆள் என்று கேலி செய்வோம். மேலே வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் எனக்குக் கழுத்து, நெஞ்சு, இமை எல்லாம் தடித்து, வெடித்து, நீர் வடிந்தது. இனி அந்தச் செடி இருக்கும் பக்கமே போகக் கூடாது என்றார் தோல் டாக்டர். உடம்புக்கு ஒருமுறை அது ஆகாமல் போனால் போனதுதானாம். பூத்தூள் காற்றில் வந்தாலே போதுமாம்.

"பாறைய ஒடச்ச நெஞ்சாச்சே!" என்றாள் என் மனைவி, களிம்பு தடவிக்கொண்டே. "ஒரு தூசு தாங்கல." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

நிலத்தில் புல் வந்துவிட்டது. பாலும் கசப்பதில்லை. அது என் வேலை, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நான்தான் பார்க்க முடியாது. கூட்டாளி மேய்க்கிறார். ஆனால் போகிற வழியில், ரயில் பாதை ஓரம் முழுக்க யாரும் தொடாத வெள்ளைப் பூ. மாடுகள் அதில் உரசிக்கொண்டுதான் வருகின்றன. அவற்றைத் தடவிக் கொடுத்தால் மறுநாள் என் முகம் வீங்குகிறது.

சாயங்காலம் பெரிய பசு என் குரலைத் தேடி ஜன்னலில் மூக்கை வைக்கும். நான் ஜன்னலைச் சாத்துகிறேன். அது சுவரை உரசியபடி நின்றுகொண்டிருக்கும். விற்றுவிடலாம் என்கிறாள் மனைவி. நான் சுவரின் இந்தப் பக்கம் கை வைத்து நிற்கிறேன்.