மெத்தை மேல் வைத்த டேப் ரிக்கார்டர்

அந்த மழைக்காலம் முழுவதும் பம்பாயில் எங்கள் மாதுங்கா வீட்டில் இரண்டு கவலைகள் இருந்தன. மிருதங்கத்தின் தோல் நமத்துப்போகிறதே என்று என் கணவர் கவலைப்பட்டார். குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று நான் கவலைப்பட்டேன். அவருடைய கவலையை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

அவருக்கு ஃபோர்ட்டில் ஆபீஸ் வேலை. மாலையில் வந்து காப்பி குடித்ததும் மிருதங்கத்தை எடுத்துவிடுவார். ரேடியோ ஆடிஷன் நெருங்கிக்கொண்டிருந்தது. பம்பாய் மழையில் தோல் வாத்தியம் வைத்திருப்பது இன்னொரு கைக்குழந்தையை வைத்திருப்பது மாதிரிதான். அடுப்புப் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும். சுவரோரம் வைத்தால் ஈரம் ஏறும். அதனால் பழைய ஃபிளானல் துணி சுற்றி, அறையின் நடுவில், தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி மேல் வைத்திருந்தோம். ராத்திரி எழுந்தால் நான் இரண்டையும் தொட்டுப் பார்ப்பேன்.

தொப்பி எனப்படும் இடது பக்கத்துக்கு ரவை பிசைந்து கொடுப்பது என் வேலை. அதை அப்பினால்தான் அந்தப் பக்கத்தில் கனமான ஒலி வரும். வாசித்து முடித்ததும் சுரண்டிவிட வேண்டும். விட்டால் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் கூடினால் வழியும், குறைந்தால் உதிரும். காலேஜில் படித்தவள்தான், ஆனாலும் இந்த ஒரு உருண்டை விஷயத்தில் எனக்கு ஒரு நாளும் நம்பிக்கை வந்ததில்லை. கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

குழந்தை தவழ ஆரம்பித்திருந்தாள். அவர் வாசிக்கும்போது பின்னால் போய், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்காருவாள். தொப்பியில் கனமாக அடி விழும்போதெல்லாம் உள்ளங்கையால் தரையைத் தட்டுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொக்கிப்போனார்கள். வித்வான் வீட்டுக் குழந்தை, லயம் கூடவே பிறந்திருக்கிறது என்றார்கள். வாசிப்பின் நடுவே தூங்கிவிட்டால் அதற்கும் பாராட்டுத்தான்.

கீழ் வீட்டு மாமி மட்டும் சண்டைக்கு வருவாள். எங்கள் கட்டிடத்தில் மாடித் தளம் மரச்சட்டங்களின் மேல் பலகை பாவியது.

"ஏண்டீ, உங்காத்துக்காரர் தட்டற தட்டுல எங்காத்துப் பரண்ல டம்ளர் எல்லாம் டான்ஸ் ஆடறது. ரவையெல்லாம் மத்தளத்துக்கே போட்டுட்டா உப்புமா எப்போடீ பண்ணுவே?" என்பாள். சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவாள்.

ஆனால் குக்கர் விசிலடித்தால் நானே திடுக்கிடுவேன், குழந்தை திரும்பமாட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சில சமயம் திரும்பினாள். அப்போது என் நிழல் அவள் மேல் விழுந்ததா என்று யோசிப்பேன். யோசித்துவிட்டு, இப்படி யோசிப்பதே பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் தைரியம் வந்து அவரிடம் கேட்டேன். "ஏன்னா, கூப்பிட்டாத் திரும்பவே மாட்டேங்கறாளே?"

"வெளையாட்டு மும்முரம்டீ. முதுகைக் காட்டிண்டு ஒக்காந்து தாளம் போடறா. காது கேக்காத கொழந்தை தாளம் போடுமா?"

நான் ரவை பிசையப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அவருடைய ஆபீஸ் சிநேகிதர் டேப் ரிக்கார்டர் ஒன்றை இரவல் கொடுத்தார். பெட்டி மாதிரி கனம், இரண்டு சக்கரங்கள். தன் வாசிப்பைத் தானே கேட்டால்தான் குறை தெரியும் என்று இவர் பரபரத்தார். அறையையே ஸ்டூடியோவாக மாற்றினோம். ஜன்னலைச் சாத்தி அதன் மேல் ரஜாயை, குளிருக்குப் போர்த்துகிற பஞ்சுப் போர்வையை, தொங்கவிட்டேன். ஃபேன் சத்தம் பதியும் என்று அதை நிறுத்தினார். கவிழ்த்து வைத்த ஸ்டூலின் காலில் மைக்கைக் கட்டி, கைக்குட்டையால் மூடினார். ரிக்கார்டரைத் தரையில் வைத்தால் அடிக்கிற அதிர்வு அதில் ஏறும் என்று கட்டில் மெத்தை மேல் வைத்தார்.

வாசித்தார். குழந்தை பின்னால் உட்கார்ந்து தட்டினாள். அன்று ரவை சரியாக அமைந்திருந்தது.

முடிந்ததும் டேப்பைப் பின்னால் சுற்றி ஓடவிட்டார். அவர் கைகள் மடியில் கிடக்க, மெத்தையிலிருந்து அவருடைய மிருதங்கம் எழுந்தது. சத்தம் கேட்டு மாமியும் மாடியேறி வந்து வாசல்படியில் நின்றாள்.

"மாமி, இப்போ பாருங்கோ. கொழந்தை எப்படித் தட்டறா பாருங்கோ," என்றார்.

குழந்தை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த ரவையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். தட்டவில்லை. அவர் சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். மாமி காதைப் பொத்திக்கொண்டாள். குழந்தை ரவையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"மெஷின் சத்தம் அதுக்குப் பழக்கமில்லையோ என்னவோ. நன்னாத்தான் இருக்குடா, நீ வாசிச்சது," என்று சொல்லிவிட்டு மாமி இறங்கிப்போனாள்.

அவர் டேப்பை நிறுத்தினார். தரையில் இருந்த மிருதங்கத்தின் தொப்பியில் ஒரே ஒரு அடி போட்டார். குழந்தையின் கை உடனே தரையைத் தட்டியது. அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மெத்தையைப் பார்த்தார், குழந்தையின் கை பதிந்திருந்த பலகைத் தரையைப் பார்த்தார்.

"இதைத் தூக்கிப் பிடி," என்றார்.

மிருதங்கத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். நல்ல கனம். அவர் நின்றபடியே இரண்டு பக்கமும் அடித்தார். என் மார்பு அதிர்ந்தது. குழந்தை அசையவில்லை.

"ரவை காஞ்சுடுத்து. நாதம் எழும்பலை. வேற பெசஞ்சுண்டு வா."

பிசைந்துகொண்டு வந்தேன். ரவை காயவில்லை என்பது எனக்குத் தெரியும்; காய்ந்திருக்கட்டும் என்றும் வேண்டிக்கொண்டேன். அவர் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அப்பினார். கல்லையும் கட்டையையும் எடுத்து, வலது பக்கத்து விளிம்பைத் தட்டித் தட்டிச் சுருதி ஏற்றினார். அவர் அவ்வளவு மெதுவாக அந்த வேலையைச் செய்து நான் பார்த்ததில்லை. மறுபடி தூக்கிப் பிடித்தேன். மறுபடி அடித்தார். குழந்தை ஒரு எறும்பின் பின்னால் தவழ்ந்து போனாள்.

என் கையிலிருந்து மிருதங்கத்தை வாங்கி முக்காலி மேல் வைத்தார். "நாளைக்கு லீவு போடறேன்," என்றார்.

"ஆடிஷனுக்கு முன்னாடி சாதகம் பண்ண லீவு வேணும்னேளே?"

"நாளைக்குப் போடறேன்," என்றார்.

அன்று தொப்பியிலிருந்த ரவையை அவர் சுரண்டவில்லை. நான் ஞாபகப்படுத்தலாமா வேண்டாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். காலையில் அது வெடித்துக் காய்ந்து தோலைப் பிடித்திருந்தது. ஈரத்துணி வைத்து எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும், கெளம்பு," என்றார்.

சயான் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். அவர் குழந்தையைத் தோளில் போட்டிருந்தார். மாடிப்படி அடியில் மாமி பால் வாங்கிக்கொண்டு நின்றாள்.

"கார்த்தால மழையில எங்கடா, கொழந்தையைத் தூக்கிண்டு?"

நான் ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவர் நின்றார்.

"கொழந்தைக்குக் காது பாக்கப் போறோம் மாமி."

"காதா? நன்னாத்தானே தாளம் போடறது!"

"போடறா மாமி," என்றார். "கேக்கலை."

மாமி பால் பாத்திரத்தைப் படியில் வைத்துவிட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். நான் குடையை விரித்தேன்.